கனடா எப்ப சண்டை பிடிச்சது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியுரிமைப் பரீட்சைக்குப் படிப்பவர்களோடு இருந்து சொல்லிக்கொடுக்கும்போது, வரலாற்றுப் பகுதி வந்தவுடன் சந்தேகங்கள் கிளம்பிவிடும். நவம்பரில் பிள்ளைகள் பொப்பிப் பூவோடு வீட்டுக்கு வரும்போது பெற்றோர் கேட்பதும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி முடிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலை எழுதி வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சங்கடமான கேள்விகள் பிறகு வரும்.

கனடா சமாதானப் படை அனுப்புற நாடுதானே? சண்டை எப்ப பிடிச்சது?

சமாதானப் படை 1956இல் எகிப்தின் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையோடு வந்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த லெஸ்டர் பியர்சனுக்கு அதற்காக அடுத்த வருடம் நோபல் பரிசும் கிடைத்தது. அது பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

முதலாம் உலகப் போர் தொடங்கியபோது கனடாவின் மக்கள்தொகை 80 இலட்சத்துக்கும் குறைவு. அதில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தார்கள், ஏறக்குறைய 61,000 பேர் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மக்கள்தொகை ஒரு கோடியே 10 இலட்சம் அளவில் இருந்தது. சீருடை போட்டவர்கள் 11 இலட்சம் அளவில். பத்துப் பேருக்கு ஒருவர் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் குழந்தை குட்டி, கிழவன் கிழவி எல்லாரையும் சேர்த்து. 45,000 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. ஒரு சின்ன நாடு கொடுத்த கணக்கு இது.

இவ்வளவு பெரிய தேசத்தைச் சின்ன நாடு எண்டு ஏன் சொல்லுறியள்?

நிலம் பெரிது, சனம் குறைவு. போருக்குப் போவது நிலம் அல்ல, சனம். மேலே சொன்ன மக்கள்தொகையைப் பிரித்தானியாவோடும் ஜேர்மனியோடும் அமெரிக்காவோடும் வைத்துப் பார்த்தால் கனடா சின்ன நாடுதான்.

நவம்பர் 11க்கு ஏன் பொப்பிப் பூ குத்துகினம்? எந்தப் பக்கம் குத்த வேணும்?

1918 நவம்பர் 11ஆம் திகதி காலை 11 மணிக்கு முதலாம் உலகப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்தன. பெல்ஜியத்தின் ஈப்பர் பகுதியில் புதைகுழிகளுக்கு இடையே சிவப்புப் பொப்பி முளைத்துக் கிடந்ததைப் பார்த்து, ஒன்ராறியோவின் குவெல்ஃப் ஊரில் பிறந்த இராணுவ மருத்துவர் ஒருவர் 1915இல் ஒரு கவிதை எழுதினார். அந்தக் கவிதையால்தான் பொப்பி உலகம் முழுக்க நினைவுப் பூ ஆனது. இதன் வேர் கனடாவில் இருக்கிறது என்பது இங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்கே தெரியாது.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமையில் இருந்து நவம்பர் 11 வரை, இடது பக்கம், நெஞ்சுக்கு நேரே குத்துவது வழக்கம். உண்டியலில் போடும் காசு முன்னாள் படையினருக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது. காசு இல்லாவிட்டாலும் பூ தருவார்கள், கூச்சப்படாமல் வாங்கலாம்.

1812 சண்டையில ஆர் வெண்டது? வெள்ளை மாளிகையைக் கனடாக்காரர் எரிச்சது உண்மையோ?

அப்போது கனடா என்ற நாடு இல்லை, பிரித்தானியக் குடியேற்றங்கள்தான் இருந்தன. அமெரிக்கா 1812 ஜூனில் போர் அறிவித்துப் படையெடுத்து வந்தது. பிரித்தானியப் படையும் உள்ளூர்த் தொண்டர் படையும் பூர்வகுடி வீரர்களும் சேர்ந்து தடுத்தார்கள். தளபதி ஐசக் புரொக் 1812 அக்டோபர் 13இல் நயாகராவுக்குப் பக்கத்தில் குயின்ஸ்ரன் குன்றில் இறந்தார். அவரோடு தோள் நின்ற ஷாவ்னித் தலைவர் டெகும்சே அடுத்த வருடம் இறந்தார். கியூபெக்கில் ஷாட்டோகே ஆற்றங்கரையில் பிரெஞ்சு மொழி பேசும் கனடியர்கள், டி சலபெரி என்ற அதிகாரியின் தலைமையில், தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையைத் திருப்பி அனுப்பினார்கள்.

இன்றைய ரொறன்ரோ அன்று யோர்க் என்ற சிற்றூர். 1813 ஏப்ரலில் அமெரிக்கர்கள் அதைப் பிடித்துச் சட்டசபையை எரித்தார்கள். வெள்ளை மாளிகையை 1814இல் எரித்தது பிரித்தானியப் படை, கனடியர் அல்லர். அந்தக் கதையைச் சொல்லிப் பெருமைப்பட வேண்டாம். வெற்றி யாருக்கு என்றால், எல்லை மாறவில்லை, ஆனால் கனடாவைப் பிடிக்க வந்தவர்களால் பிடிக்க முடியவில்லை. பெரிதாகத் தோற்றவர்கள் பூர்வகுடிகள். டெகும்சே கனவு கண்ட சொந்த நிலம் அவரோடு போயிற்று.

விமி விமி எண்டு சொல்லுகினமே, அங்க அப்பிடி என்ன நடந்தது?

விமி வட பிரான்சில் உள்ள ஒரு நீண்ட மேட்டு நிலம். ஜேர்மனியர் அதன் உச்சியில் இருந்தார்கள். அதைப் பிடிக்கப் போன பிரெஞ்சுப் படை, இறந்தும் காயப்பட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்திருந்தது. 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கட்கிழமை, விடியற்காலை 5.30 மணி. பனியும் மழையும் கலந்து அடிக்க, கனடாவின் நான்கு டிவிஷன்களும் முதல் முறையாக ஒரே அணியாக ஏறின. ஏப்ரல் 12க்குள் மேடு முழுவதும் அவர்களின் கையில்.

எனக்குப் பிடித்தது ஏறிய கதையைவிட, ஏறுவதற்கு முன் செய்த ஆயத்தம். பின்னால் இருந்த வயல்களில் நாடா கட்டி, கொடி நட்டு, ஜேர்மன் பதுங்கு அகழிகளை அதே அளவில் வரைந்து வைத்து, அதன் மேல் நாள் கணக்காக நடந்து பழகினார்கள். அதிகாரிகளின் கையில் மட்டும் இருந்த வரைபடத்தைச் சாதாரணச் சிப்பாய்களுக்கும் கொடுத்தார்கள். தலைவன் விழுந்தால் அடுத்தவன் வழி தெரிந்து நடத்த வேண்டும் என்பதற்காக. தங்கள் பக்கத்து ஆட்லறி ஷெல்கள் முன்னே திரையாக விழுந்து நகர, அதன் பின்னால் அளந்து வைத்த வேகத்தில் நடந்தார்கள். கொஞ்சம் முந்தினால் சொந்த ஷெல்லே விழும், பிந்தினால் எதிரி எழும்பிவிடுவான்.

அந்த நான்கு நாட்களில் 3,598 கனடியர்கள் இறந்தார்கள், காயப்பட்டவர்கள் ஏறக்குறைய 7,000. அன்று கனடியப் படையின் தலைவர் ஜூலியன் பிங் என்ற ஆங்கிலேயர் என்பதையும், பிரித்தானிய ஆட்லறியின் துணை பெரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொன்னால் வெற்றி குறைந்துபோகாது.

அப்ப கனடாவின்ர பெரிய வெற்றி விமிதானோ?

பரீட்சைக்கு விமி போதும். ஆனால் என்னைக் கேட்டால், 1918 ஆகஸ்ட் 8 முதல் நவம்பர் 11 வரையான கடைசி நூறு நாட்கள்தான் பெரியவை. அதைப் பற்றி நம் ஆட்கள் மட்டுமல்ல, இங்கே பல தலைமுறையாக இருப்பவர்களும் பேசுவது குறைவு.

விமிக்குப் பிறகு படைக்குத் தலைமை ஏற்றவர் ஆர்தர் கரி. போருக்கு முன் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்ரோறியாவில் வீடு, காணி விற்றுக்கொண்டு, பகுதிநேரத் தொண்டர் படையில் இருந்தவர். பெல்ஜியத்தின் பாஷன்டேல் சேற்றுக்குள் போய்ச் சண்டை பிடிக்கச் சொன்னபோது ஏறக்குறைய 16,000 பேர் பலியாவார்கள் அல்லது காயப்படுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லி எதிர்த்தார். கட்டளை மாறவில்லை. கணக்கு 15,600ஐத் தாண்டியது.

கனடியர் வந்து இறங்கினால் அங்கே தாக்குதல் வரப்போகிறது என்று ஜேர்மனியர் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தளவுக்குப் பெயர் எடுத்திருந்தார்கள். அதனால் பிரான்சின் அமியென் தாக்குதலுக்கு முன், வானொலிப் பிரிவையும் இரண்டு பட்டாலியன்களையும் வடக்கே ஈப்பர் பக்கம் அனுப்பிப் போக்குக் காட்டிவிட்டு, மற்றவர்களை இரவோடு இரவாகத் தெற்கே நகர்த்தினார்கள். ஆகஸ்ட் 8ஆம் திகதி ஒரே நாளில் 13 கிலோமீற்றர் முன்னேறினார்கள். ஜேர்மன் தளபதி லூடென்டோர்ஃப் அதைத் தன் படையின் கரிநாள் என்று எழுதினார். பிறகு ட்ரொக்கூர்-கேயோன் அரண், நோர் கால்வாய், கம்ப்ரே, கடைசி நாளில் மொன்ஸ். அந்த நூறு நாளுக்குக் கனடா கொடுத்த விலை, இறந்தவர் காயப்பட்டவர் சேர்த்து, 45,000 அளவில். ஜோர்ஜ் பிரைஸ் என்ற சிப்பாய் 10.58க்கு, போர் ஓய்வுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, குறிபார்த்துச் சுட்டதில் இறந்தார்.

ஜூலை 1 கனடா நாள். அண்டைக்கு நியூஃபவுண்ட்லாந்தில ஏன் காலமை துக்கம் அனுட்டிக்கினம்?

1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள், போமோன்-ஹமெல் என்ற இடத்தில் நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ற்றில் ஏறக்குறைய 800 பேர் எழும்பிப் போனார்கள். அடுத்த நாள் காலை பெயர் கூப்பிட்டபோது 68 பேர்தான் பதில் சொன்னார்கள். அரை மணி நேரத்துச் சண்டை அது. சின்னச் சின்ன மீன்பிடிக் கிராமங்களில் இருந்து போன பொடியள். நியூஃபவுண்ட்லாந்து அப்போது தனி நாடு போல இருந்தது, கனடாவோடு சேர்ந்தது 1949இல். அதனால் அங்கே காலையில் அஞ்சலி, பின்னேரம் கொண்டாட்டம்.

பிரித்தானியா கூப்பிட்டுப் போன படைதானே? அது எப்பிடிக் கனடாவின்ர வரலாறு ஆகும்?

1914இல் அப்படித்தான். பிரித்தானியா போர் அறிவித்தால் கனடாவும் போரில் என்று அர்த்தம், ஒட்டாவாவிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் மேலே சொன்ன விமியும் நூறு நாட்களும் அந்த நிலையை மாற்றின. இவ்வளவு பேரைக் கொடுத்த நாடு, சமாதான மேசையில் தனிக் கதிரை கேட்டது. 1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தில் கனடா தன் பெயரில் கையெழுத்து வைத்தது. 1931இல், கனடா தன் சட்டங்களைத் தானே தீர்மானிக்கலாம் என்ற வெஸ்ற்மின்ஸ்ரர் சட்டம் வந்தது. 1939இல் பிரித்தானியா செப்டம்பர் 3இல் போர் அறிவிக்க, கனடா தன் நாடாளுமன்றத்தைக் கூட்டிப் பேசி, ஒரு கிழமை கழித்துச் செப்டம்பர் 10இல் தானாக அறிவித்தது. அந்த ஒரு கிழமை இடைவெளியின் விலையைத்தான் விமியில் கொடுத்தார்கள்.

ரெண்டாம் உலகப் போர்ப் படங்களில அமெரிக்கன் மட்டும்தானே வாறான்?

1944 ஜூன் 6இல் நோர்மண்டியில் ஐந்து கடற்கரைகள். இரண்டு அமெரிக்காவுக்கு, இரண்டு பிரித்தானியாவுக்கு, ஜூனோ என்ற ஒன்று கனடாவுக்கு. அன்று 14,000 கனடியர்கள் இறங்கினார்கள், 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று மாலைக்குள் கரையில் இருந்து மிக உள்ளே போனவர்களும் அவர்கள்தான்.

அதைவிடக் கவனிக்கப்படாதது கடற்படை. போர் தொடங்கும்போது கனடாவிடம் 13 போர்க்கப்பல்கள். முடியும்போது சிறியதும் பெரியதுமாக 400க்கு மேல். பிரித்தானியாவுக்குச் சாப்பாடும் எண்ணெயும் கொண்டுபோன வணிகக் கப்பல்களை ஜேர்மன் நீர்மூழ்கிகளிடம் இருந்து காப்பதுதான் வேலை. கொர்வெட் என்ற சின்னக் கப்பல்கள், கனடிய ஊர்களின் பெயர் வைத்தவை. கடல் கொஞ்சம் எழும்பினாலே உருளும், உள்ளே எல்லாம் ஈரம். அதில் போனவர்களில் பலர், கடலையே பார்க்காத பிரெயரி மாகாணத்துப் பொடியள். அப்புறம், கொமன்வெல்த் நாடுகளின் விமானிகளும் விமானக் குழுவினருமாக 1 இலட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கனடாதான் தன் மண்ணில் வைத்துப் பயிற்றியது.

ஏன் தெரியவில்லை என்றால், கனடியப் படை எப்போதும் பெரிய கூட்டணிக்குள் நின்றது. செய்தியில் பிரித்தானியப் படை, நேச நாட்டுப் படை என்றுதான் வரும். படம் எடுத்தவர்கள் தங்கள் கதையை எடுத்தார்கள், அதில் பிழை இல்லை. கனடாவோ தன்னைச் சமாதான நாடு என்று காட்ட விரும்பித் தன் கதையைத் தானே தணித்துச் சொன்னது.

ஒல்லாந்துக்காரர் ஒட்டாவாவுக்கு ஏன் வருசா வருசம் ரியூலிப் அனுப்புகினம்?

1944 இலையுதிர் காலத்தில் ஷெல்ற் ஆற்றின் முகத்துவாரத்தைத் திறந்துவிடும் வேலை கனடிய முதலாம் இராணுவத்திடம் வந்தது. பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகம் நேச நாடுகளின் கையில் இருந்தும், கடலுக்குப் போகும் வழி ஜேர்மனியரிடம் இருந்தது. தண்ணீர் நிறைந்த தாழ்நிலம், மேட்டு அணைக்கட்டுகள் மட்டும்தான் பாதை. சேற்றுக்குள் இடுப்பளவில் நின்று சண்டை பிடித்தார்கள். ஐந்து கிழமையில் கனடியர் தரப்பில் மட்டும் 6,367 பேர் இறந்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். அந்த வழி திறந்த பிறகுதான் நேச நாடுகளுக்கு ஜேர்மனிக்குள் போகத் தேவையான பொருள்கள் தாராளமாக வரத் தொடங்கின.

அந்தக் குளிரில் மேற்கு ஒல்லாந்தில் பஞ்சம். ரியூலிப் கிழங்கையே அவித்துத் தின்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் பட்டினியால் இறந்தார்கள். 1945 வசந்தத்தில் கனடியர் வந்தபோது துப்பாக்கியோடு சாப்பாட்டு லொறிகளும் வந்தன. மொன்றியலைச் சேர்ந்த லியோ மேஜர், ஒரு கண் பார்வை போனவர், ஸ்வொல்ல நகரத்துக்குள் இரவில் போய், கூட வந்த நண்பன் செத்த பிறகும் தனியாக ஓடி ஓடிச் சுட்டும் குண்டு எறிந்தும், பெரும் படை புகுந்துவிட்டது என்று ஜேர்மனியரை நம்ப வைத்தார். விடியும்போது நகரத்தில் ஜேர்மனியர் இல்லை. ஒல்லாந்தை விடுவிக்க 7,600 கனடியர்கள் உயிர் கொடுத்தார்கள். ஹோல்ற்றன் மயானத்தில் ஒவ்வொரு நத்தார் இரவும் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்.

ரியூலிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் ஒல்லாந்து இளவரசி யூலியானா ஒட்டாவாவில் தங்கியிருந்தார். 1943 ஜனவரியில் மகள் மார்க்ரீற் பிறந்தபோது, பிள்ளை ஒல்லாந்துப் பிரஜையாக மட்டும் இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரி அறையைக் கனடிய மண் அல்லாத இடமாக அரசு அறிவித்தது. 1945இல் ஒரு இலட்சம் ரியூலிப் கிழங்குகள் நன்றியாக வந்தன. இன்றும் வருகின்றன.

இலங்கையோட ஏதும் தொடர்பு இருக்கோ?

இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்குத் தனிச் சந்தோஷம். ஒன்ராறியோவின் சென்ற் கதரின்ஸ் நகரில் பிறந்தவர் லெனார்ட் பேர்ச்சல், கனடிய விமானப்படையின் 413ஆவது அணி. 1942 ஏப்ரல் தொடக்கத்தில்தான் காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரிக்கு வந்து சேர்ந்தார். ஏப்ரல் 4 விடியற்காலை கற்றலீனா என்ற கடல் விமானத்தில் ரோந்துக்குக் கிளம்பினார். பின்னேரம், திரும்ப வேண்டிய நேரத்தில், தெற்கே அடிவானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். கிட்டப் போனார். யப்பானின் நகுமோ கொண்டுவந்த கப்பற்படை, ஐந்து விமானந்தாங்கிகளோடு. நான்கு மாதத்துக்கு முன் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தை அடித்தவர்கள் அவர்கள்தான்.

யப்பானிய சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டு சுட, உள்ளே தீப்பிடிக்க, வானொலிக்காரர் எதிரி இருக்கும் இடம், போகும் திசை, வேகம் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தார், கருவி நொறுங்கும் வரை. விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு பிடிபட்டார்கள். செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த நாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தபோது துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பெரும்பாலானவை வெளியே போய்விட்டிருந்தன. ஏப்ரல் 9இல் திருகோணமலையில் குண்டு விழுந்ததையும், மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் மூழ்கியதையும் கிழக்கு மாகாணத்து முதியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே கிழமைதான்.

'இலங்கையைக் காத்தவர்' என்று அவருக்குப் பெயர் வந்தது. தாக்குதல் வரும் என்று பிரித்தானியருக்கு ஏற்கனவே துப்புக் கிடைத்திருந்தது, எதிர்பார்த்த நாள் கடந்துபோய்விட்டதால் கப்பற்படை மாலைதீவுப் பக்கம் எண்ணெய் நிரப்பப் போயிருந்தது. எனவே தனி ஒருவர் தீவையே காத்தார் என்று சொல்வது மிகை. சரியான நேரத்தில் சரியான தகவலைத் தந்தவர் அவர், அதுவே பெரிது. மூன்றரை வருடம் யப்பானில் கைதியாக இருந்து, நோயாளிகளை வேலைக்கு இழுப்பதைத் தடுத்து அடி வாங்கி, உயிரோடு திரும்பினார். 2004இல் ஒன்ராறியோவில் காலமானார்.

டியெப், ஹொங்கொங் எண்டு தோத்த சண்டையளையும் ஏன் நினைவு கூருகினம்?

இறந்தவர்களுக்கு வெற்றி தோல்வி பார்த்து மரியாதை கொடுக்க முடியாது. 1941 டிசம்பரில் ஹொங்கொங்கில் 1,975 கனடியர்கள், வந்து ஒரு மாதம்கூட ஆகாமல் யப்பானின் தாக்குதலைச் சந்தித்தார்கள். நத்தார் தினத்தில் சரணடைவு. சண்டையில் 290 பேர், சிறைமுகாமில் பட்டினியாலும் நோயாலும் 264 பேர் இறந்தார்கள். 1942 ஆகஸ்ட் 19இல் பிரான்சின் டியெப்பில் ஏறக்குறைய 5,000 கனடியர்களில் 900க்கு மேல் ஒரே காலையில் இறந்தார்கள், 1,900க்கு மேல் பிடிபட்டார்கள். ரொறன்ரோவின் ரோயல் ரெஜிமென்ற் இறங்கிய சிறு கரையில் மட்டும் 200க்கு மேல்.

டியெப்பில் படித்த பாடம் நோர்மண்டியில் உதவியது என்று சொல்வார்கள். கொஞ்சம் உண்மை. ஆனால் திட்டம் மோசம் என்பதை அந்த ஒரு வரியால் மூடக் கூடாது.

சண்டை பிடிச்சவை எல்லாரும் வெள்ளைக்காரர்தானே?

இல்லை. மனிற்றோபாவைச் சேர்ந்த ஓஜிப்வே வீரர் ரொமி பிரின்ஸ், 1944 பெப்ரவரியில் இத்தாலியில் அன்சியோவுக்குப் பக்கத்தில், எதிரிக்கு 200 மீற்றர் கிட்ட ஒரு வெறும் வீட்டில் ஒளித்திருந்து தொலைபேசிக் கம்பி வழியாக ஆட்லறிக்கு இடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஷெல் விழுந்து கம்பி அறுந்தது. வீட்டில் கிடந்த கமக்காரனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு வெளியே வந்து, எதிரி பார்த்துக்கொண்டிருக்கப் புல்லுச் செருக்குவது போல நடந்தார். அறுந்த இடம் வந்ததும் குனிந்து, சப்பாத்து நாடா கட்டுவது போலக் கம்பியை முடிந்தார். பிறகு வானத்தைப் பார்த்துக் கையை ஓங்கிச் சண்டைக்காரரைத் திட்டுவது போல நடித்துவிட்டு உள்ளே போனார். அரண்மனையில் மன்னர் கையால் பதக்கம் வாங்கியவர், ஊர் திரும்பியபோது பூர்வகுடி என்பதால் வாக்குரிமைகூட இல்லை. தங்கள் சட்டபூர்வ அந்தஸ்தை இழக்காமல் எல்லாப் பூர்வகுடிகளும் மத்திய தேர்தலில் வாக்களிக்க முடிந்தது 1960இல். 1977இல் வின்னிபெக்கில் வறுமையில் இறந்தார்.

1914இல் கொமகாட்டா மாரு கப்பலில் வந்த 376 இந்தியரில் பெரும்பாலோரை வான்கூவரில் இறங்க விடாமல் திருப்பி அனுப்பிய அதே நாட்டுக்காக, பக்கம் சிங் என்ற சீக்கியர் அடுத்த வருடம் படையில் சேர்ந்து போர்க்களத்தில் காயப்பட்டார். 1919இல் காசநோயால் இறந்து ஒன்ராறியோவின் கிச்சினர் நகரில் புதைக்கப்பட்டார். கறுப்பினத்தவரைச் சண்டைக்குச் சேர்க்க மறுத்து, 1916இல் மரம் வெட்டவும் பாதை போடவும் தனி பட்டாலியன் அமைத்தார்கள். அதற்கு அரசு 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது.

அதுக்குப் பிறகு சண்டைக்குப் போகேல்லையோ?

போனார்கள். 1951 ஏப்ரலில் கொரியாவின் கப்யோங்கில் 677ஆம் குன்றில், ஏறக்குறைய 700 கனடியர்கள் சீனப் படை சூழ்ந்த நிலையில் இரவு முழுக்க நின்றார்கள். எதிரி தங்கள் குழிக்கே வந்தபோது, தங்கள் தலைக்கு மேலேயே ஆட்லறி அடிக்கச் சொன்னார்கள். பத்துப் பேர் இறந்தார்கள், சியோலுக்குப் போகும் பாதை காப்பாற்றப்பட்டது. இவ்வளவும் நடந்தும், கனடாவில் கொரியாவை மறந்த போர் என்கிறார்கள்.

ஆப்கானிஸ்தானுக்கு 40,000க்கு மேற்பட்டோர் போனார்கள், 158 படையினர் இறந்தார்கள். அந்த நாட்களில் உடல்கள் ட்ரென்ரன் தளத்தில் இறங்கி ரொறன்ரோவுக்கு 401 நெடுஞ்சாலையால் வரும். மேம்பாலங்களில் சனம் கொடியோடு நிற்கும், தீயணைப்பு வண்டிகள் நிற்கும். யாரும் கூப்பிட்டு வந்த கூட்டம் அல்ல. ஏஜாக்ஸ், பிக்கரிங் என்று நாங்கள் தினமும் ஓடும் அந்தப் பகுதிக்கு 2007இல் 'வீரர்களின் நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்தார்கள். பலகையில் பொப்பிப் பூ இருக்கும், அடுத்த முறை பாருங்கள்.

இவ்வளவு பெருமை சொல்லுறியள், பிழையே விடேல்லையோ?

விட்டார்கள். முதலாம் உலகப் போரில் 8,500க்கு மேற்பட்டவர்களை, பெரும்பாலும் உக்ரைனியரை, எதிரி நாட்டுப் பிரஜைகள் என்று முகாம்களில் அடைத்தார்கள். 1942இல் ஏறக்குறைய 22,000 யப்பானியக் கனடியரை வீட்டை விட்டு எழுப்பி, வள்ளம், கடை, காணி எல்லாவற்றையும் விற்றுத் தள்ளினார்கள். மன்னிப்பும் இழப்பீடும் வர 1988 ஆனது. கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்து 1918 ஈஸ்டரில் கியூபெக் நகரில் எழுந்த கலகத்தில், படையினர் சுட்டுப் பொதுமக்கள் இறந்தார்கள். 1993இல் சோமாலியாவில் ஷிடானே அரோன் என்ற 16 வயதுப் பொடியனைக் கனடியப் படையினர் சித்திரவதை செய்து கொன்றார்கள். விசாரணை நடந்தது, அந்த வான்வழிப் படைப்பிரிவே 1995இல் கலைக்கப்பட்டது.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். மேலே ரொமி பிரின்சின் கதையைச் சொல்லிவிட்டு அவருக்கு வாக்கு இல்லாததை விட்டுவிட்டால், அவரை நாம் பாதியாக்கிவிடுகிறோம்.

சண்டையால அகதியா வந்த நாங்கள், சண்டையைப் பற்றிப் பெருமை கதைக்கலாமோ அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஷெல்லடி என்றால் என்ன என்று எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான் நவம்பர் 11 நிகழ்வில் பெருமைப் பேச்சைவிட அந்த இரண்டு நிமிட அமைதி எங்களுக்குக் கெதியாக விளங்குகிறது.

பொப்பி குத்துவது போரை விரும்புவதற்கான அடையாளம் அல்ல. நான் பெருமைப்படுவது கொன்ற கணக்கைப் பார்த்து அல்ல. ஒல்லாந்தில் சண்டை முடிந்ததும் ஒரு அடி நிலம்கூடக் கேட்காமல் கப்பல் ஏறித் திரும்பியவர்கள், லொறியில் மாவும் சொக்கலேற்றும் கொண்டுபோனவர்கள், கொக்கலவில் இருந்து எழும்பி எங்கள் கடலில் விழுந்தவர்கள், அவர்களைப் பார்த்து. குத்த மனம் வராதவர்கள் குத்தாமல் இருக்கலாம், அது ஒவ்வொருவரின் மனம். ஆனால் பிள்ளை கேட்டால் 'எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். பேர்ச்சலின் கதையைச் சொல்லுங்கள்.

பிள்ளையளை எங்க கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்?

ரொறன்ரோவுக்குள்ளேயே யோர்க் கோட்டை இருக்கிறது, 1813இல் அமெரிக்கர்கள் பிடித்த இடம். நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் குயின்ஸ்ரன் குன்றில் ஏறி புரொக்கின் தூணைப் பார்க்கலாம். ஹமில்ரன் துறைமுகத்தில் ஹைடா என்ற போர்க்கப்பல் நிற்கிறது, உள்ளே இறங்கிப் பார்க்க விடுவார்கள். அதே நகரத்து விமான அருங்காட்சியகத்தில், உலகில் இன்னும் பறக்கும் இரண்டு லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்று உண்டு. ஒட்டாவாவில் போர் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், பாதி நாள் காணாது. ஹலிஃபாக்ஸ் பக்கம் போனால் சக்வில் என்ற கொர்வெட்டைத் தவறவிட வேண்டாம், அந்த வகையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

வீட்டில் இருந்தே பார்க்க விரும்பினால், கனடிய அரசின் இணையவழி நினைவகத்தில் இறந்த படையினரின் பெயர்களைத் தேடலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பழையது என்றால் சுவரில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். அதில் ஒரு பெயரை எடுத்துத் தேடச் சொல்லுங்கள், எங்கே புதைத்திருக்கிறார்கள், எத்தனை வயது என்று வந்துவிடும். ஹைடா குளிர்காலத்தில் மூடியிருக்கும், போவதற்கு முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.